உப்புக் கரிக்கும் தாள்கள்

நேற்று மாலை உன் மகள் ஒரு பழைய லுங்கியில் கட்டிய மூட்டையோடு வந்தாள். அவிழ்த்ததும் எண்ணூர் முகத்துவாரத்து வாடை அடித்தது. சேறும் டீசலும் கலந்த அதே வாடை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவரும் வரைந்த தாள்கள். எல்லாவற்றிலும் அதே மணல் திட்டு, அதே இரண்டு புகைபோக்கி, சாய்ந்து கிடக்கும் அதே படகு.

"அப்பா வரைஞ்சது ஒண்ணு வேணும் மாமா. பெரம்பூர்ல வூடு பாத்துகீறோம், செவுத்துல மாட்டணும்" என்றாள். உன் கைப்பட்டது என்று அவளிடம் வேறெதுவும் இல்லை. நீ வண்ணம் அடித்த லாரிகள் எந்த ஊரில் ஓடுகின்றனவோ.

எது உன்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

குற்றம் உன்மேல்தான். திருவொற்றியூர் பட்டறையில் லாரிக்கு இடப்பக்கம் நீ, வலப்பக்கம் நான். டீ வந்ததும் பக்கம் மாறிக்கொள்வோம். இரண்டு கை வேலை என்று தெரிந்தால் வண்டிக்காரர் முகம் சுளிப்பார். அந்தப் பழக்கத்தை முகத்துவாரத்துக்கும் கொண்டுவந்தாய். பாதி வரைந்து டீ குடித்ததும் தாள் செருகிய என் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு உன்னுடையதை என் மடியில் வைப்பாய். என் படகு மட்டும் உனக்கு ஆகவே ஆகாது, திருத்தாமல் விடமாட்டாய். கையெழுத்தாவது போடுவோம் என்றால், "இன்னாத்துக்கு? லாரில நம்ம பேரு போட்டுக்கினா கீறோம்?" என்பாய்.

ஒரு யோசனை வந்தது. வானத்தை வரைவது எப்போதும் தாளைத் தொடங்கியவன்தான். நீ வண்ணம் கரைப்பது முகத்துவாரத்துத் தண்ணீரில், நான் கரைப்பது வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில். "கொழாத் தண்ணில கடலு வரையிறியா மாமு, வெளங்கும்" என்று கிண்டல் செய்வாயே. வானம் உப்புக் கரித்தால் அது நீ. ஒவ்வொரு தாளாக நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உன் மகள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

எல்லாமே கரித்தது. பிறகுதான் உறைத்தது. போய் உட்கார்ந்ததுமே என் பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்துவிடுவாய். அப்புறம் நான் மட்டும் எதில் கரைத்திருப்பேன்?

அதற்குள் அவளே ஒரு தாளை உருவினாள். "இதான் அப்பாது."

"எப்டிம்மா சொல்றே?"

"படகப் பாரு மாமா. அப்பா கைதான்."

மூட்டையிலேயே அந்த ஒரு தாளை மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். உன் காரியம் முடிந்த மறு ஞாயிறு, தனியாகப் போய் நான் வரைந்தது. பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது, குடிக்கத்தான் ஆள் இல்லை. ஆனாலும் வண்ணம் கரைக்கும் டப்பாவை முகத்துவாரத்தில்தான் முக்கினேன். ஏன் என்று தெரியாது. வழக்கம்போல அதையும் உன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைப் பேப்பரில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அவளை ஏமாற்றிவிட்டேனா? இல்லை, அவள் சரியாகத்தான் பார்த்தாளா? வரைந்தது நான்தான், சத்தியம். ஆனால் அந்தப் படகை நான் எப்போது கற்றுக்கொண்டேன் என்று எனக்குப் புரியவில்லை.

வாயில் இன்னும் உப்புக் கரிக்கிறது. நாளை ஞாயிறு, போவேன். பாதி வரைந்து டீ குடித்த பிறகு அட்டையை யாரிடம் நீட்டுவது என்றுதான் தெரியவில்லை.