கேப்பை காயும் தார் ரோடு

திண்டிவனம்
3.5.1986

அன்பு மேரிக்கு,

மாதா புண்ணியத்தில் நலம். உன் கைச் சமையல் இல்லாததால் கொஞ்சம் இளைத்த நலம்.

"வருஷத்துக்கு மூணு ஊரு மாத்த என்னால ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு நீ அம்மா வீட்டுக்குப் போனாய். நியாயம்தான். இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. விழுப்புரம் ரோட்டில் ஒரு துண்டுக்கு மட்டும், பழைய டயரை அரைத்த பொடியும் கரித்தூளும் கலந்து தார் போட்டிருக்கிறோம். ரப்பர் சேர்ந்த தார் வெயிலில் இளகாதாம். கத்திரி வெயிலை அது தாங்கிவிட்டால், என்னை இந்த ஊரிலேயே நிரந்தரமாக வைப்பதாகப் பெரிய இன்ஜினியர் சொல்லிவிட்டார். அப்படியானால் நீ வர வேண்டும். இளகினால் உன் அப்பாவின் நெல் மில்லில் கணக்கு எழுத நான் வந்துவிடுகிறேன். சம்மதமா?

உன்,
சவுரிராயன்

விழுப்புரம்
8.5.1986

என் வீட்டுக்காரருக்கு மேரி எழுதுவது.

சம்மதம். ஆனால் அப்பா இப்போதே உங்களுக்கு நாற்காலி துடைத்துப் போட்டுவிட்டார். "பெண்டாட்டியை விட்டுட்டு ரோட்டைக் காவல் காக்குறாரே" என்று அம்மா கேலி செய்கிறாள். சிரித்தேன். பிறகு சமையலறையில் போய் அழுதேன்.

தலையில் துண்டு இல்லாமல் வெயிலில் நிற்காதீர்கள்.

லூர்துமேரி

திண்டிவனம்
20.5.1986

அன்பு மேரிக்கு,

தோற்றுவிட்டேன். நேற்று ஒரு லோடு லாரி என் ரோட்டில் பஞ்சராகி நின்றது. ஜாக்கி வைத்த இடம் பதிந்துவிட்டது. மற்ற இடத்தைச் சரியாகப் பார்க்கவும் வழியில்லை. ஊர்ச் சனம் தினமும் என் ரோட்டுத் துண்டில்தான் கேப்பைக் கதிரைக் காயப் போடுகிறது. "இம்மாம் நீள ரோடு இருக்குது, என் தலையிலதான் கொட்டணுமா?" என்று துரத்தினால், வெள்ளையம்மாள் என்றொரு அம்மாள் சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாமாவிடம் சொல்லிவிடு. உன்னைத் தினமும் பார்க்கலாம் என்பதுதான் ஆறுதல்.

சவுரிராயன்

விழுப்புரம்
22.5.1986

அன்பே,

உங்கள் கடிதம் வந்ததும் பஸ் ஏறி உங்கள் ரோட்டில் இறங்கினேன். நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். ஏன் இங்கேயே காய வைக்கிறீர்கள் என்று வெள்ளையம்மாளைக் கேட்டேன்.

"அந்தாண்ட போட்டா கேப்பையில தாரு ஒட்டிக்கினு வருது தாயி. இங்கதான் சுத்தமா காயுது. இது புரியாம அந்த ரோட்டுக்காரரு எங்களத் தொரத்திக்கினே இருக்காரு."

நானும் நடந்து பார்த்தேன். பழைய தாரில் என் செருப்பு ஒட்டிக்கொண்டது. உங்கள் தாரில் ஒட்டவில்லை. லாரி ஜாக்கி கருங்கல்லிலும்தான் பதியும், அப்பாவி மனுஷரே! பெரிய இன்ஜினியரை அழைத்து அந்தக் கேப்பையைக் காட்டுங்கள்.

நீங்கள் வரும்வரை காத்திருந்தால் அங்கேயே தங்கியிருப்பேன். வீட்டில் சொல்லாமல் தங்க மனம் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அப்பா நமக்கென்று ஒரு மூட்டை அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்.

ஞாயிறன்று நீங்கள் வர வேண்டாம், நான் வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் நிற்காதீர்கள், உங்கள் ரோட்டிலேயே நில்லுங்கள். நான் இறங்குவதற்குக் கேப்பையைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பதாக வெள்ளையம்மாள் சொல்லியிருக்கிறாள்.

உங்கள்
மேரி