வைப்பருக்கு அடியில் முளைத்த உன் நெல்

இன்று காலை காரின் முன்கண்ணாடியைத் துடைக்கப் போனேன். வைப்பர் இரண்டும் படுத்திருக்கும் பள்ளத்திலிருந்து ஏதோ பச்சையாக எட்டிப் பார்த்தது. புல் என்று பிடுங்கப் போனவன் கையை எடுத்துவிட்டேன். நெற்பயிர். உன் நெல், மச்சான்.

கார்த்திகைக் காற்று கொட்டில் கூரையைக் கொண்டுபோனதில் கார் ஒரு கிழமையாக மழையில் நின்றது. தண்ணீர் வடியும் துளையை உன் நெல் அடைத்துவிட்டது. வெள்ளம் உள்ளே இறங்கி, நீ வழக்கமாக இருக்கும் முன் இருக்கையின் காலடியில் குளம் கட்டியிருக்கிறது. காரை விற்பதற்கென்று வவுனியாவிலிருந்து ஒருவரை என் மனைவி வரச்சொன்னதும் இன்றைக்குத்தான்.

நான் இதை ஓட்டிக்கொண்டு வட்டக்கச்சிக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? பத்து வருடம் ஓடித் தேய்ந்த சிவப்பு ஸ்போர்ட் கார். வாங்கிய நானோ மூன்று பிள்ளைகளின் தகப்பன், சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை சறுக்கியவன். முறிகண்டிக் கோவிலில் தேங்காய் உடைத்து, நெஞ்சை நிமிர்த்தி வந்தேன். வாய்க்கால் கட்டு றோட்டில் ஏறியதும் முன்பம்பர் கழன்று விழுந்து, கார் வயிறு தட்டி நின்றுவிட்டது. நீ உன் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாய்.

"உது காரோ, இல்லாட்டி றோட்டுக் கூட்டுற விளக்குமாறோ?"

"ஸ்போர்ட் கார் எண்டால் நிலத்தோட பதிவாத்தான் இருக்கும்."

"அப்ப வன்னி றோட்டையும் பதிச்சுப் போட்டெல்லோ வாங்கியிருக்க வேணும்."

அன்றே கயிறு கட்டி இழுத்தாய். அதன் பிறகு அந்தக் கயிறு உன் லான்ட்மாஸ்டரை விட்டு இறங்கவேயில்லை.

சொக்கப்சோபர் நாலும் எண்ணெய் கக்கின. மெல்லிய டயர் றோட்டில் ஒரு கிடங்குப் பள்ளத்தைக் கண்டாலே வெடித்தது. டேர்போ பெற்றோலோடு ஒயிலையும் குடித்தது. கொழும்பிலிருந்து காருக்கான சாமான்களை பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். கொண்டக்டர் போனில் கூப்பிட்டதும் நாங்கள் இருவரும் பரந்தன் சந்தியில் போய் நிற்போம், வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளை வருவது போல. ஒருமுறை வலப்பக்கத்துச் சாமான் கேட்க இடப்பக்கத்துச் சாமான் வந்தது. சந்தியே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய்.

செலவை நீ ரூபாயில் சொன்னதே இல்லை. மாட்டில்தான் சொல்வாய். சொக்கப்சோபர் ஒரு நல்ல பசுமாடு. டேர்போ இரண்டு மாடு, கன்றோடு. "உன்ர காருக்குள்ள ஒரு பட்டியே நிக்குது மச்சான். பால்தான் வரேல்லை."

ஆனால் மாசியில் நீ றோட்டில் காயவிட்ட நெல்லுக்கு மேலே வானம் இருண்டபோது, உன் லான்ட்மாஸ்டர் பளைக்குப் போயிருந்தது. என் விளக்குமாறுதான் வந்தது. பின் இருக்கையில் மூட்டை, டிக்கியில் மூட்டை. இடம் போதாமல் கிழிந்த சாக்கொன்றை பொனற் மேல் வைத்தாய். அது வாய் பிளந்து கண்ணாடி ஓரமெல்லாம் கொட்டியது. "கிடக்கட்டும், உன்ர பட்டிக்குத் தீனி" என்றாய்.

ஆவணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கட்டு ஓரம் குந்திவிட்டாய். முன் இருக்கையைச் சாய்த்து உன்னைப் படுக்கவைத்தேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் இந்தக் கார் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. "இண்டைக்குத்தான்ரா வாங்கின காசுக்கு ஓடுது" என்று வேர்வைக்குள்ளும் சிரித்தாய். நேரத்துக்குத்தான் கொண்டுவந்தேன் என்று டொக்டரும் சொன்னார். இருந்தும் நீ வீடு திரும்பவில்லை.

"உந்தக் கட்டைக் காரில ஏத்தினால் ஆர்தான் தப்புவினம்?" என்று செத்தவீட்டிலேயே ஒரு கதை கிளம்பியது. இன்னும் ஓயவில்லை. மனைவிக்கு அதைக் கேட்டுக் கேட்டு மனம் விட்டுப்போயிற்று, அதுதான் விற்கச் சொன்னாள். விற்றால் அந்தக் கதைக்கு நானே கையெழுத்து வைத்தது போலாகும். அந்த வழி முழுக்க உன்னோடு இருந்தவன் நான். எனக்குத் தெரியும்.

வவுனியாக்காரர் காரைச் சுற்றி வந்தார். "பம்பர் போயிட்டுது, டேர்போ புகைக்குது, உள்ளுக்கு வெள்ளம். இப்ப வயலும் செய்யிறியளோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு விலை சொன்னார். உன் கணக்கில் மூன்று மாடு.

"பட்டியை மூண்டு மாட்டு விலைக்கு விக்கேலாது தம்பி."

அவருக்கு விளங்கவில்லை. "இதுக்கு இன்னும் எவ்வளவு செலவழிக்கப் போறியள்?"

"இது ஓடுமட்டும்."

அவர் போனதும் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரோ?"

"ஓம்."

கொஞ்ச நேரம் என்னையும் பயிரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்ச் சிரட்டையோடு வந்து, உன் இருக்கைக்கு முன்னால் குந்தியிருந்து தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினாள்.

நான் பயிரை வேரோடு எடுத்து உன் வயல் வரம்போரம் ஊன்றிவிட்டு வந்தேன். துளையைக் குத்தித் துப்புரவாக்கியாயிற்று. உன் கயிறு இப்போது என் டிக்கியில் இருக்கிறது. வாற மாசியில் உன் மனிசி றோட்டில் நெல் காயவிடுவா. வானம் இருண்டால் இந்தச் சிவப்புக் கார் வரும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பம்பர் கழன்றால் கழலட்டும்.