கண்ணாடிக்கு மேல் மாட்டிய படம்

டெமோபொலிஸ், அலபாமா
1995 பிப்ரவரி 12

என் அருமை மகள் ரெனெட்டாவுக்கு,

உன் அப்பா லூஷியஸ் எழுதுவது. யாரையும் எழுதச் சொல்லவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன், எழுபத்தோரு வயதில். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சர்ச்சின் அடித்தளத்தில் பெட்வே டீச்சர் செவ்வாய்தோறும் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். இந்த நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிவெட்ட வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும்.

நேற்று ஷேவிங் பவுடர் டப்பாவைப் படித்தேன். நாற்பது வருஷமாகத் தண்ணீரை அதிகமாக ஊற்றி வந்திருக்கிறேன்!

உன்மேல் ஒரு குறை. போன ஈஸ்டருக்கு வந்தவள், கடைக்குள் நுழைந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, நான் பீச் பழம் போட்டுச் சுட்ட காப்ளர் இனிப்பைத் தொடாமல் கிளம்பிவிட்டாய். சர்க்கரை கூடிவிட்டதா?

நீ நகர மன்றத்தில் இருந்த காலத்தில் பத்திரிகையில் வந்த உன் படங்கள் எல்லாம் கண்ணாடியைச் சுற்றி ஒட்டியிருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரியதற்குச் சட்டம் போட்டு மேலே மாட்டியிருக்கிறேன். விரலை உயர்த்தி, வாயைத் திறந்து, பிரசங்கத்தின் உச்சத்தில் நிற்கிற போதகர்போல அதில் நிற்கிறாய். நிருபர் ஒருவர் கடைக்கு வந்து என்னோடு பேசினாரே, அதே வாரம் வந்த படம். இனி ஒவ்வொன்றாக நானே படிக்கப் போகிறேன். பெரியதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
லூஷியஸ் டார்வர்

பர்மிங்காம்
1995 பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் தபால் பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கக் காட்டியிருப்பாள். காப்ளரில் ஒரு குறையும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். பைபிளில் சங்கீதம் படியுங்கள், விதைப் பொட்டலம் படியுங்கள். அந்தப் பத்திரிகைத் துண்டுகளை மட்டும் படிக்காமலே எடுத்துவிடுங்கள். தேர்தலில் தோற்றவளின் படம் எதற்கு?

உங்கள்,
ரெனெட்டா

டெமோபொலிஸ்
1995 மார்ச் 15

ரெனெட்டா,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. படித்துவிட்டேன்.

சின்னத் துண்டுகளில் எல்லாம் நீ சீறுகிறாய், பாய்கிறாய், மிரட்டுகிறாய். கட்டிப்போடாத நாயைப் பற்றி எழுதுவதுபோல எழுதியிருக்கிறார்கள். பிரசவ வார்டை மூடக்கூடாது என்று நீ கேட்டது கடைசிப் பத்தியில் இருக்கிறது. உன்னை எதிர்த்த வெள்ளைக்கார உறுப்பினர் 'எடுத்துரைத்தார்'. படத்திலும் அவர் சிரிக்கிறார்.

பெரிய படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில்: “கத்துவதற்கென்றே பிறந்தவள் — தந்தையே சொல்கிறார்.”

மூன்று தடவை படித்தேன். தப்பாகப் படிக்கிறேனோ என்று பெட்வே டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, சரியாகத்தான் படித்தீர்கள் என்றார்.

நிருபரிடம் நான் சொன்னது அந்த ஆஸ்பத்திரிக் கதையை. உனக்கு ஒன்பது வயது. கறுப்பர்கள் காத்திருக்கும் பின்படிக்கட்டில் உன் அம்மா இரத்தப்போக்கோடு கிடந்தாள். நீ போட்ட கத்தலில் டாக்டர் ஓடி வந்தார். “கத்துறதுக்குன்னே பொறந்தவ சார் எம் பொண்ணு” என்று பெருமையாகச் சொன்னேன். பத்திரிகைக்காரர்கள் படிக்கட்டை விட்டுவிட்டுக் கத்தலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தேர்தலுக்கு நாலு நாள் முந்திய தேதி போட்டிருக்கிறது. அதை நான் ஒன்றரை வருஷமாக ஊரார் தலைக்கு மேல் மாட்டி வைத்திருந்தேன்.

முடிவெட்டும் நாற்காலியில் என் பழைய சிநேகிதன் ரூஃபஸ் உட்கார்ந்திருந்தான். “உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, ஏண்டா சொல்லல?” என்று கேட்டேன்.

“வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக் காட்டிச் சிரிச்சிட்டிருந்த. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எவன்டா சொல்லுவான்?”

பாதி வெட்டிய தலையோடு அவனை அனுப்பிவிட்டேன்.

படத்தை எடுத்துவிட்டேன். அந்தச் சட்டத்துக்குள் அன்று நடந்ததை நானே எழுதி மாட்டியிருக்கிறேன்: ஒன்பது வயதுப் பெண் சிங்கம்போலப் பயமில்லாமல் கத்தி, தன் தாயைக் காப்பாற்றினாள் என்று. இன்னொரு பிரதி இதோடு இருக்கிறது. காப்ளரைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன்.

வெட்கத்தோடு,
அப்பா

பர்மிங்காம்
1995 ஏப்ரல் 2

அப்பா,

நீங்கள் எழுதியதைப் படித்தேன். அது சரியில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. சிங்கம் எல்லாம் இல்லை. அம்மாவின் செருப்பு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பயந்து அழுதேன். உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றீர்கள். அதற்குப் பிறகுதான் கத்தினேன். அந்தக் காலத்தில் நீங்கள் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அன்று தெரியாது.

பத்திரிகைக்காரன் என்னை யாரென்று தெரியாமல் எழுதினான். நீங்கள் பக்கத்தில் நின்றவர். நாற்பது வருஷமாக அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லி வருகிறீர்கள். நான் அழுததை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ரெனெட்டா

டெமோபொலிஸ்
1995 ஏப்ரல் 9

மகளே,

எட்டு வயது என்று திருத்தினேன். அழுதாள் என்று சேர்த்தேன். அப்பா பேசாமல் நின்றார் என்று எழுதப் போனபோது காகிதத்தில் இடமில்லை.

அதனால் வேறு காகிதம் எடுத்து முதலிலிருந்து எழுதுகிறேன். முதல் வரியில் நான் நிற்கிறேன், தொப்பியோடு. மூன்று நாளாக அந்த ஒரு வரியில்தான் இருக்கிறேன்.

முடிந்தாலும் முடியாவிட்டாலும் அதைத்தான் மாட்டுவேன். கேட்பவர்களுக்கு நானே படித்துக் காட்டுவேன்.

ஈஸ்டர் அன்று கடை கிடையாது. ஆனாலும் உள்ளே இருப்பேன். கதவைப் பூட்டாமல் சும்மாதான் சாத்தி வைத்திருப்பேன்.

அப்பா