தாழ்ப்பாள் கேட்டு ஓர் ஆட்சேபணை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை பயந்துகொண்டே எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் சிரிக்காதே.

எல்லாம் உன் கடிதத்தால் வந்தது. உங்கள் நாட்டில் நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று சுவரில் பட்டியல் மாட்டி, தெருக்காரர்களையே வேண்டியதற்கு நேராகப் பொட்டு ஒட்டச் சொல்கிறார்கள், வாழப் போன நீயும் நடைபாலத்துக்கு ஒன்று ஒட்டினாய் என்று எழுதியிருந்தாயே! சித்தி இருக்கும் நாட்டில் போனில் கேட்கிறார்களாம். பதில் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாதாம். இங்கே எப்படி என்று அப்பாவிடம் கேட்டேன். பட்ஜெட்டைக் கண்ணாடிப் பலகைக்குள் பத்து நாள் மாட்டுவார்களாம். ஆட்சேபணை இருந்தால் பெட்டியில் போடலாமாம். நகராட்சிக் குமாஸ்தாவான அப்பா, பன்னிரண்டு வருடமாக "ஆட்சேபணை இல்லை" என்றே பதிவேட்டில் எழுதி வருகிறார்.

போய்ப் படித்தேன். ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்டப் போகிறார்கள். பேருந்து நிலையத்துப் பெண்கள் கழிப்பறைக்கோ இரண்டு வருடமாகத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடிக்க வேண்டும். வளைவைக் கொஞ்சம் குட்டையாக்கி ஒரு தாழ்ப்பாள் போடுங்கள் என்று பெயரில்லாமல் எழுதிப் போட்டுவிட்டேன்.

நேற்று அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் ஓடினார். "இங்க பாரு, ஒருத்தர் படிச்சிருக்காங்க! பெட்டிப் பூட்டு துருப்பிடிச்சு, உடைச்சுல்ல எடுத்தேன்!" பூட்டை உடைச்சதுக்கா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டாள் அம்மா.

நகராட்சித் தலைவருக்குத்தான் கடுப்பாம். எழுதியவர் நாளை பத்து மணிக்கு நேரில் வந்து பேசாவிட்டால் காகிதம் குப்பைக்கூடைக்குப் போகுமாம். எழுதியது குமாஸ்தா மகள் என்று தெரிந்தால் அப்பா வேலை என்ன ஆகும்? போகாமலே இருந்துவிட நினைத்தேன்.

ஆனால் வருகிறவருக்காக அப்பா ஒரு நாற்காலியைத் துடைத்து, ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்தாராம். இன்று சாப்பிடும்போது, என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "வர்றவங்க நிதானமாப் பேசினா போதும். தலைவர் முறைப்பாரு. அவரு மூஞ்சியே அப்படித்தான்." சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

இப்போது தண்ணீர் குடிக்க எழுந்தேன். நாளை பள்ளி விடுமுறை. ஆனால் கதவில் என் சீருடை இஸ்திரி போட்டுத் தொங்குகிறது. அம்மா போட்டால் காலரில் இப்படி இரண்டு மடிப்பு விழாது.

அக்கா, இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும், படிக்கும்போது ஒரு நிமிடம் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொள்.

உன்
பயந்தாங்கொள்ளி