திரும்பி வந்த கிண்ணம்

லூனாஸ்
18.2.2024

அன்புள்ள யோகுவுக்கு,

உன் காஞ்சனாக்கா எழுதுவது. நேற்று நாம் போனில் பேசிய அழகை என் மகன் குணாளன் பார்த்துக்கொண்டே இருந்தான். நீ "அக்கா" என்று சொல்லி இருமினாய். நான் "சொல்லு" என்று சொல்லி இருமினேன். பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றி இருமிவிட்டுப் போனை வைத்தோம். "இதுக்கு எதுக்கும்மா போனு? பேசாம லெட்டர் எழுதுங்களேன்லா" என்றான். கேலிக்குத்தான் சொன்னான், எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எழுதினால் மூச்சு வாங்குவதில்லை. முனியாண்டி தினமும் உன் ஊர் பாடாங் மேஹாவில் ஆள் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரி வேனை என் வீட்டு வழியாகத்தானே குலிமுக்கு ஓட்டுகிறான். இனி அவன்தான் நம் தபால்காரன்.

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட காலத்தில் நீயும் நானும் பக்கத்து வீடு. தோட்டம் கைமாறி, ஆளுக்கொரு பக்கம் போய், கடைசியில் நெஞ்சு நோய் கிளினிக்கின் பெஞ்சில்தான் மறுபடியும் பார்த்துக்கொண்டோம். நோயும் ஒரே நோய். நுரையீரல் தழும்பு விழுந்து இறுகிக்கொண்டே போகிறதாம். அந்தப் புகையாலா, வேறு எதனாலா என்று கேட்டால் டாக்டரும் கையை விரிக்கிறார்.

விஷயம் இதுதான். புது மருந்து ஆராய்ச்சியில் நம்மைச் சேர்த்தபோது கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி பிரேமலா சொன்னது நினைவிருக்கிறதா? பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாவு. பார்வைக்கு இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது யோகு! தொடங்கிய வாரத்திலேயே வயிற்றால் போகிறது. உண்மையான மருந்து வயிற்றைக் கலக்கும் என்று மிஸ்ஸி முன்பே எச்சரித்திருந்தார். சர்க்கரைக்குக் கொடுக்கும் மாத்திரையையும் அதே வாரம் மாற்றினார்கள், எல்லாம் சேர்ந்துகொண்டது போல. வயிற்றுப்போக்குக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் கெடா மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உனக்கு எப்படி இருக்கிறது? கிண்ணத்தில் நெத்திலிச் சம்பல் வைத்திருக்கிறேன். காரம் குறைவு, இருமல் வராது.

பாசமுள்ள அக்கா
காஞ்சனா

*

பாடாங் மேஹா
22.2.2024

அன்புள்ள காஞ்சனாக்காவுக்கு,

யோகு எழுதிக்கொள்வது. சம்பல் காரம் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். இருந்தாலும் மிச்சம் வைக்கவில்லை.

உங்கள் வயிற்றுச் செய்தி கேட்டு மனம் குளிர்ந்தது அக்கா. என் வயிறு கல் மாதிரி இருக்கிறது. ஒரு சத்தம் இல்லை. எனக்கு விழுந்தது மாவுதான். பரவாயில்லை, நம் இருவரில் ஒருவருக்காவது கிடைத்ததே.

ஒரே ஒரு குறை. ஜோகூரில் இருக்கும் என் மகள் உமையாள் முழுகாமல் இருக்கிறாள். பிள்ளைப் பேற்றுக்கு இங்கேதான் வருவாள். குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, என் கையால் குளிப்பாட்ட வேண்டும். அதற்குக் குனிய வேண்டும், குனிந்தால் மூச்சு நின்றுவிடுகிறது. புரட்டாசி மாதம் வரை இந்த நெஞ்சு இப்படியே இருந்தால்கூடப் போதும், நன்றாக ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் துணி துவைக்கிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் அழுகை வருகிறது.

கிண்ணத்தில் புளிச்சக்கீரைத் தொக்கு.

தங்கை
யோகேஸ்வரி

*

லூனாஸ்
3.3.2024

யோகு,

ஏசாமல் படி. தொக்குக் கிண்ணத்தைக் கழுவி, அடியில் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். என் மாத்திரைகள். நமக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று இல்லையா? காலை மாத்திரை எனக்கு, மாலை மாத்திரை உனக்கு. பாதி மருந்து பாதியளவாவது கேட்காதா? எனக்குப் பேரப்பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் குளிப்பாட்டி முடித்தவள். நீ இனிமேல்தான் குளிப்பாட்டப் போகிறவள்.

புகை வீட்டில் ஒரு ரொட்டியைப் பிட்டுத் தின்றுவிட்டு நாள் முழுக்க வேலை செய்த நமக்கு இது பெரிய காரியமா? மிஸ்ஸியிடம் மூச்சு விடாதே. அவர் நல்ல பிள்ளை, ஆனால் சட்டம் பேசும்.

அக்கா

*

பாடாங் மேஹா
10.3.2024

அக்கா,

உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா? பொட்டலத்தைப் பார்த்ததும் மடித்துக் கட்டிவிட்டேன். திருப்பி அனுப்பத்தான் எடுத்து வைத்தேன். மூன்று நாள் சாமி மேடையிலேயே இருந்தது. நாலாம் நாள் உமையாள் ஸ்கேன் படம் அனுப்பினாள். குழந்தை என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. அன்று மாலை உங்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். சாமி என்னை மன்னிக்கட்டும்.

ஆனால் உங்கள் கிண்ணத்தை என்றைக்கு நான் வெறுமையாகத் திருப்பியிருக்கிறேன்? சர்க்கரை இல்லாத நாளில்கூட ஒரு பிடி உப்பாவது போட்டு அனுப்பினேனே. என்னுடைய மாலை மாத்திரைகளை இதில் வைத்திருக்கிறேன். மாவுதான், இருந்தாலும் சாப்பிடுங்கள். மிச்ச மாத்திரையை மிஸ்ஸி எண்ணிப் பார்க்கும்போது உங்கள் கணக்கும் என் கணக்கும் சரியாக இருக்கும். எனக்கும் வெறும் கையோடு வாங்கிக்கொண்ட உறுத்தல் இருக்காது.

பயமாகத்தான் இருக்கிறது. எத்தனையோ நாட்டில் நம்மைப் போன்றவர்கள் இதே மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள் என்று மிஸ்ஸி சொன்னார். நாம் எதையாவது கெடுத்துவிடுவோமா அக்கா?

யோகு

*

லூனாஸ்
20.8.2024

அன்பு யோகுவுக்கு,

உன் மாவு மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கிண்ணத்தில் வந்ததைக் கொட்டுகிற வழக்கம் எனக்கும் இல்லை. இப்போதெல்லாம் வயிறும் அடங்கிவிட்டது. பழகிப்போயிருக்கும்.

குழாயில் ஊதும் சோதனை போன வாரம் நடந்தது. என்னுடைய மூச்சு அளவு இறங்கிவிட்டது. நன்றாகவே இறங்கிவிட்டது என்று டாக்டரின் முகமே சொன்னது. வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் ஏற்பாடு செய்கிறார்கள். உன்னுடையது அப்படியே நிற்கிறது என்று முனியாண்டியிடம் சொல்லி அனுப்பினாயே, அதைக் கேட்டுத்தான் எனக்குத் தெம்பு வந்தது. பார்த்தாயா? என் மருந்து உன் நெஞ்சில் வேலை செய்கிறது!

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனிமேல் காலை மாத்திரையும் உனக்குத்தான். எனக்குப் பாதி போட்டும் ஒன்றும் ஆகவில்லை, வீணாகத்தானே போகிறது. உமையாளுக்கு நாள் நெருங்குகிறது. மறுத்து எழுதாதே, படிக்க எனக்குத் தெம்பில்லை.

உன் அக்கா
காஞ்சனா

*

பாடாங் மேஹா
27.8.2024

அக்கா,

இன்றைக்குக் கிளினிக்கில் மிஸ்ஸி பிரேமலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் தூங்க முடியவில்லை. உங்கள் மூச்சு இறங்குகிறது, என் மூச்சு இறங்காமல் அப்படியே நிற்கிறது. உங்கள் மருந்தை நான் தின்கிறேன் என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம்? உங்களிடம் கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

மிஸ்ஸி பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஐயோ யோகேக்கா, கொழம்பு மாத்திக்கிற மாதிரியா மாத்திரைய மாத்திக்கிட்டீங்க?" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாம் கலந்து சாப்பிட்டால் எந்த மருந்து யாருக்கு என்ன செய்தது என்று கண்டுபிடிக்க முடியாதாம். மருந்து நல்லதாகவே இருந்தாலும் நல்லதில்லை என்று கணக்கு காட்டிவிடுமாம். அப்படி ஆனால் இனி வருகிற நோயாளிகளுக்கும் கிடைக்காமல் போகும் என்று சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

இரண்டு பேருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு முழு மருந்தும் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன், இருந்ததும் போய்விட்டது. என்னை நன்றாக ஏசி ஒரு கடிதம் எழுதுங்கள்.

யோகேஸ்வரி

*

பாடாங் மேஹா
15.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வரவில்லை. வீட்டில் ஆக்சிஜனோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று முனியாண்டி சொன்னான். நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டு அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை.

உமையாளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நேற்று நான்தான் குளிப்பாட்டினேன். பாதியில் மூச்சு முட்டியது. இவர் பின்னால் உட்கார்ந்து என் முதுகைத் தாங்கிக்கொண்டார். குழந்தை வீரிட்டு அழுதான், எனக்கு அது நாதஸ்வரம் மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த மூச்சு உங்களுடையது அக்கா.

பிரசவ லேகியம் கிண்டினேன். உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்து முனியாண்டியிடம் கொடுத்திருக்கிறேன்.

யோகு

*

பாடாங் மேஹா
19.10.2024

அக்கா,

கிண்ணம் இன்று வந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக வந்தது.

இவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். "மறந்திருப்பாங்க. ஒடம்பு முடியாதவங்கதானே" என்றார். அவருக்கு உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இனிமேல் எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். கோபம் இருக்கட்டும், ஆக்சிஜனை மட்டும் கழற்றாதீர்கள்.

யோகேஸ்வரி

*

லூனாஸ்
11.5.2025

என் அன்புள்ள யோகுவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. அதனால் மெதுவாகப் படி.

கிண்ணத்தை வேண்டுமென்றேதான் வெறுமையாக அனுப்பினேன். உன் மேல் அவ்வளவு கோபம். என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டாளே, என் மருந்தையும் பிடுங்கிவிட்டாளே என்று குமைந்துகொண்டிருந்தேன். உன் லேகியத்தை மட்டும் விடவில்லை, வழித்துத் தின்றேன். தின்றுவிட்டுத்தான் கோபப்பட்டேன்.

ஆராய்ச்சி முடிந்துவிட்டது. புதன்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மிஸ்ஸி பிரேமலாவும் இருந்தார். யார் யாருக்கு எது என்று இப்போது சொல்லலாமாம். யோகு, எனக்குக் கொடுத்தது மாவு. முதல் நாளிலிருந்து மாவு. உண்மையான மருந்து உனக்கு. உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். நீ எனக்கு எழுதப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும்.

"அப்ப எனக்கு வயித்தால போனது?" என்று கேட்டேன். "அது சர்க்கரை மாத்திர காஞ்சனாம்மா" என்றார் மிஸ்ஸி. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு! எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். நான் உனக்குத் தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டு, மாவைக் கொடுத்து உன் மருந்தில் பாதியைத் தின்றிருக்கிறேன். காலை மாத்திரையையும் சேர்த்து அனுப்பித் தொலைத்தேனே, நீ மட்டும் அன்று மிஸ்ஸியிடம் சொல்லாமல் இருந்திருந்தால், கிண்ணத்தை வெறுமையாக அனுப்பக்கூடாது என்று உன் காலை மாத்திரையையும் எனக்கே போட்டு அனுப்பியிருப்பாய். முழுவதும் மாவைத் தின்றுகொண்டு நீ குழந்தையைக் குளிப்பாட்டியிருப்பாயா? நீ சொன்னது நல்லது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆறு மாதம் எனக்குக் கிடைத்த உண்மையான மருந்து உன் கிண்ணத்தில் வந்தது மட்டும்தான். அதுவும் இல்லாமல் இருந்திருந்தால் இதற்கு முன்பே போயிருப்பேனோ என்னவோ, டாக்டரைக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது என்கிறார். அவர் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.

மருந்து நல்ல மருந்துதானாம். நம் இருவர் கணக்கைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பார்த்தார்களாம், அதனால் ஒன்றும் கெடவில்லை. நம்மையும் சேர்த்து எல்லோருக்கும் இனி அதையே கொடுக்கப் போகிறார்கள். எனக்கு நேற்றிலிருந்து. இறுகிப்போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைப் பிடித்து நிறுத்தும் என்கிறார்கள். மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது, இருந்தாலும் அது என்னுடையது. இந்த முறை உனக்கு ஒரு மாத்திரைகூடத் தரமாட்டேன்.

கிண்ணத்தில் மாவு வைத்திருக்கிறேன். என் கையிலிருந்து உனக்கு அதுதான் வரும் என்று ஆகிவிட்டது. ஆனால் இது நல்ல பச்சரிசி மாவு, குணாளன் மெஷினில் அரைத்து வந்தது. இடியாப்பம் பிழிந்து உன் வீட்டுக்காரர் சுகுமாரன் தம்பிக்கும் கொடு. போன முறைக் கடனையும் சேர்த்துக் கிண்ணம் நிறையவே வைத்திருக்கிறேன்.

நீ கிண்ணத்தில் எதுவும் வைக்க வேண்டாம். அடுத்த வாரம் முனியாண்டி வேனில் நீயே ஏறி வா. பேரனையும் தூக்கிக்கொண்டு வா. நான் நாற்காலியில் இருந்தபடியே அவன் தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வைக்கிறேன். நாம் ரொம்பப் பேச வேண்டாம்.

உன் அக்கா
காஞ்சனா