மூன்றாவது பட்டன்

வாலுவின் அப்பாவுக்கு,

நானும் உங்கள் மகளும் சௌக்கியம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று முழிக்காதீர்கள். உங்கள் மகளுக்குப் பாம்புக் காது. அவளுக்குத் தெரியாமல் உங்களோடு சண்டை போட எனக்கு வேறு வழியில்லை.

அவள் கண் விஷயம்தான். வலது கண்ணை மூடினால் பலகையின் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, அதை நினைத்தால் இன்னும் பதைக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி பளிச்சென்றுதானே இருக்கின்றன! டாக்டரம்மா சொன்னார்: "சோம்பேறிக் கண்ணும்மா. இடது கண்ணு மங்கலாவே பாத்ததால மூளை அதைக் கண்டுக்காம விட்டுடுச்சு. கண்ணாடி போட்டு, நல்ல கண்ண தினமும் கொஞ்ச நேரம் மூடி வெச்சா, மூளை வேற வழியில்லாம இதுல பாக்கப் பழகும்." சோம்பேறித்தனம் உங்கள் வீட்டு வழி என்று சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இத்தனூண்டு தலைக்குள் இப்படி ஒரு சங்கதி ஆறு வருடமாக நடந்திருக்கிறது. பெற்றவளுக்கே தெரியவில்லை.

இனி உங்கள் கூத்து. முதல் நாள் நல்ல கண்ணை மூடி ஒட்டிய பிளாஸ்திரியோடு உங்களைப் போனில் பார்த்து அழுதாளே, வலியால் இல்லை. அப்பா முகம் கலங்கலாகத் தெரிகிறதே என்று அழுதாள். நீங்கள் மனசு கேட்காமல், "நல்ல கண்ண எதுக்கு மூடணும்? கெட்ட கண்ணத்தானே மூடணும்?" என்றீர்கள். அப்பா சொன்னால் வேதவாக்கு! நான் தையல் மெஷினில் குனிந்திருந்த நேரம் பார்த்து மாற்றி ஒட்டிக்கொண்டாள். ஓடி ஆடுகிறாளே, அதற்குள் பழகிவிட்டதே என்று நானும் சாயங்காலம்வரை பூரித்துப்போயிருந்தேன்.

இப்போதும் நீங்கள் போனில் வந்தால் கழற்றிவிடுகிறாள். நீங்கள் "பாவம், போதும் விடு" என்றால் அன்றைக்கு மறுபடி ஒட்ட விடுவதில்லை. சின்ன வயசில்தான் மூளை சுலபமாகப் பழகுமாம். பாதியில் விட்டால் அந்தப் பார்வை அப்படியே நின்றுபோகலாம் என்கிறார் டாக்டரம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் இன்று காலை நடந்ததைக் கேளுங்கள். கண்ணாடியும் பிளாஸ்திரியுமாக ஸ்டூலில் ஏறி, மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கும் உங்கள் படத்தை மூக்கு உரசப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா சட்டையில மூணாவது பட்டனக் காணோம்" என்றாள். உங்கள் முகமே தெரியாமல் அழுத கண் அது! நானும் ஏறிப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை, நூல் மட்டும் தொங்குகிறது. ஊரார் சட்டைக்கெல்லாம் பட்டன் தைக்கிறவள், தினமும் அந்தப் படத்தைப் பார்க்கிறவள், என் இரண்டு கண்ணுக்கும் படாதது அந்த ஒற்றைக் கண்ணில் பட்டுவிட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த முறை போனில் வரும்போது பிளாஸ்திரியோடு பார்க்கச் சொல்லுங்கள். நான் சொல்லிக் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். அழுதாலும் மனசை இளக விடாதீர்கள். அசையாமல் உட்கார்ந்து முகத்தைக் காட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கண்ணுக்குத் தெரிந்துவிடுவீர்கள்.

வரும்போது மறக்காமல் அந்தச் சட்டையைக் கொண்டுவாருங்கள். அதே நிறத்தில் பட்டன் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா