ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு பலகை

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் புத்தகப் பூச்சி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். நீங்கள் நலமா? வீட்டு வேலை முடியும்வரை இங்கே நடப்பதை எல்லாம் உள்ளது உள்ளபடி உங்களுக்கு எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். போனில் பேசினால் நீங்களும் அம்மாவும் இரண்டாவது நிமிடமே சத்தம் போடுகிறீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

வீட்டை நல்ல விலைக்கு விற்றதும் நாம் எல்லோரும் நீங்கள் வேலை பார்க்கும் ஊரிலேயே ஒன்றாக இருக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா? அன்றிலிருந்து தங்கச்சி வாண்டு தன் பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள். சாயங்காலம் எடுத்து விளையாடிவிட்டு மறுபடியும் அடுக்குகிறாள்.

நேற்று எலக்ட்ரீஷியன் வந்தார். காதில் எப்போதும் டெஸ்டரைச் செருகியிருப்பதால் தெருவே அவரை டெஸ்டர் மாமா என்றுதான் கூப்பிடுகிறது. நம் ஃபிரிட்ஜைத் தொட்டால் ஜிவ்வென்று பிடிக்கும், அதனால் மரப்பலகை போட்டு அதன்மேல் நின்றுதானே திறப்போம்? அது ஃபிரிட்ஜின் குற்றம் இல்லையாம். "மெஷின் பாவம், அத திட்டாதீங்க. வீட்டுக்கே எர்த் இல்ல. ஒயரெல்லாம் கெழடு தட்டிப் போச்சு. தொட்டா மேல் உறை அப்பளமா நொறுங்குது" என்றார்.

அம்மாவின் பட்டியலில் இரண்டு வேலைகள்: ஒயரிங்கை மாற்றுவது, மாடிப்படிக்குக் கைப்பிடி வைப்பது. நீங்கள் சொல்லிச் சித்தப்பா எழுதிய பட்டியலில் மூன்று: ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், சமையல் மேடைக்குக் கருப்புக் கல், கேட்டுக்குப் பெயிண்ட். ஏதாவது ஒரு பட்டியலுக்குத்தான் கட்டுப்படியாகும் என்கிறார் சித்தப்பா.

"வாங்க வர்றவன் செவுத்துக்குள்ள எட்டியா பாக்கப் போறான், அண்ணி?"

"அதுவரைக்கும் நாங்க இதுக்குள்ளதானே இருக்கோம்!"

எது சரி என்று நீங்களே சொல்லுங்கள். கட்டட வேலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் நீங்கள்தானே! நீங்கள் மஞ்சள் தலைக்கவசத்தோடு நிற்கும் படம் என் மேசையில் இருக்கிறது. தலைக்கவசம் இல்லாத ஒருவரையும் நீங்கள் உள்ளே விடமாட்டீர்கள் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
உங்கள் மூத்த மகள்

ஜூன் 21

என் செல்ல மகளுக்கு,

கடிதம் கண்டேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

அம்மாவிடம் பொறுமையாகச் சொல். விற்கப் போகிற வீட்டுக்குச் செலவு செய்வதில் ஒரு கணக்கு உண்டு. கண்ணுக்குத் தெரிவதுதான் விலையாகும். சுவருக்குள் போடுவது வாங்குகிறவனுக்குத்தான் லாபம். வீடு பார்க்க வரும் பெண்கள் முதலில் சமையல் மேடையைத்தான் தடவிப் பார்ப்பார்களாம், இங்கே ஒருவர் சொன்னார். ஆகவே கருப்புக் கல் கட்டாயம். சீலிங்கில் பன்னிரண்டு சின்ன விளக்குகள் வரட்டும். மாடிப்படி ஓரமாகப் பூந்தொட்டிகளை வரிசையாக வையுங்கள்; தடுப்புக்குத் தடுப்பு, அழகுக்கு அழகு.

இருபது வருடம் தாங்கிய ஒயர் இன்னும் பத்து மாதம் தாங்காதா?

வாண்டுவைப் படியேற விடாதே. நன்றாகப் படி.

அன்புடன்,
அப்பா

ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் உறையில் முகவரி உங்கள் கையெழுத்தில் இல்லை. குண்டு குண்டான, அழகான எழுத்து. "யார் எழுத்தும்மா இது?" என்று கேட்டேன். "ஆபீஸ்ல யாராவது எழுதிக் குடுத்திருப்பாங்க" என்றாள் அம்மா. ஆனால் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உறையைத் தான் வைத்துக்கொண்டாள்.

சீலிங் முடிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், மிகவும் அழகாக இருக்கிறது. பன்னிரண்டு விளக்குகளும் எரிந்தபோது வாண்டு கை தட்டினாள். பழைய ஒயர் அப்படியே மேலே மறைந்துவிட்டது. ஏழு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது. மூடுவதற்கு முன் எண்ணினேன்.

ஒரு சிக்கல். விளக்குகளோடு வெந்நீர் ஹீட்டரையும் போட்டால் ஃபியூஸ் போய்விடுகிறது. தடித்த கம்பி வைத்துக் கட்டிவிடும்படி சித்தப்பா சொன்னார். டெஸ்டர் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், உள்ள ஒயர் சுடுதுன்னு ஃபியூஸ் போயி சொல்லுது. தடிச்ச கம்பி வெச்சா ஃபியூஸ் போகாது. அதுக்குப் பதிலா இந்த அழகான சீலிங்குக்குள்ள ஒயர் எரியும். வெளிய புகை வந்தாதான் தெரியும்."

"வீடு விக்கிற வரைக்கும்தானேப்பா?"

"அதுக்கு வேற ஆளப் பாருங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கொடுத்த காப்பியில் பாதி அப்படியே இருந்தது.

தடித்த கம்பி வேண்டாம் என்று சித்தப்பாவுக்கு உடனே எழுதிவிடுங்கள், அப்பா. நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்று அம்மாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மூத்த மகள்

ஜூலை 30

செல்லத்துக்கு,

வேலை மிகுதி. சுருக்கமாக எழுதுகிறேன்.

ஃபியூஸ் கம்பியைச் சித்தப்பாவே மாற்றிவிடுவார், சொல்லிவிட்டேன். வீடு பார்க்க வருகிறவர்கள் முன்னால் விளக்கு அணைந்தால் எல்லாம் கெட்டது. அந்த எலக்ட்ரீஷியனை இனி அழைக்க வேண்டாம்.

முக்கியமான வேலை ஒன்றை உன்னை நம்பி ஒப்படைக்கிறேன். ஆட்கள் வரும்போது ஃபிரிட்ஜ் முன்னால் கிடக்கும் பலகையை எடுத்துவிடு. பலகையைப் பார்த்தால் ஏன் என்று கேட்பார்கள். கேள்வி கேட்டால் நீயாக எதையும் சொல்லாதே. இது பொய் இல்லை, சொல்லாமல் இருப்பது மட்டும்தான். நீ புத்திசாலி, புரிந்துகொள்வாய்.

வீடு விற்றதும் மூன்று டிக்கெட். ஜன்னலோர இருக்கை உனக்கு.

அப்பா

ஆகஸ்ட் 17

அப்பாவுக்கு,

நேற்று நான் பொய் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதுவேன் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, இதையும் எழுதுகிறேன்.

வந்தவர் பஸ் டிரைவர். அவர் மனைவி தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு கடையிலிருந்து நேரே வந்துவிட்டார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறதாம். அவர் சமையல் மேடையைத் தடவிப் பார்த்தார். நீங்கள் எழுதியது சரிதான்.

அவர்கள் வருவதற்கு முன்பே பலகையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். குழந்தை தொட்டுவிடுமோ என்று பயமாக இருந்ததால் ஃபிரிட்ஜின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டேன். தையல்காரர் அதைத் திறந்து பார்த்து, "ஏம்மா, உள்ள லைட் எரியலையே?" என்றார். "இப்பதான் தொடச்சோம் ஆன்ட்டி, ஈரம் காயட்டும்னு அணைச்சிருக்கோம்" என்றேன். தங்கு தடையில்லாமல் வந்தது.

"கரண்டெல்லாம் எப்படிம்மா?" என்று டிரைவர் கேட்டார். சித்தப்பா முந்திக்கொண்டு, "ஒரு தடவகூட ஃபியூஸ் போனதில்ல சார்!" என்றார். தடித்த கம்பி வைத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் அது உண்மைதான்.

அம்மா அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் போன பிறகு, "நல்லாப் பேசக் கத்துக்கிட்ட. அப்பா சந்தோஷப்படுவாரு" என்றாள். அடித்திருந்தால் பரவாயில்லை.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. நாம் எல்லோரும் சேர்ந்து இருப்பதற்காகத்தான் இதைச் செய்தேன். டிக்கெட் எந்தத் தேதிக்கு?

மகள்

செப்டம்பர் 6

அன்பு மகளுக்கு,

கெட்டிக்காரி. சித்தப்பா முன்பணம் வாங்கிவிட்டார். இந்த மாதக் கடைசியில் பதிவு.

ஒரு சின்ன மாற்றம். இப்போதைக்கு நீங்கள் மூவரும் பெரியம்மா வீட்டு மாடி அறையில் இருங்கள். இங்கே வீடு சின்னது, இருப்பவர்களுக்கே இடம் போதவில்லை. இந்த வீட்டை ஒழுங்கு செய்வதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஒயரிங் முழுக்க மாற்றி, ப்ளக் பாயிண்ட்டுக்கெல்லாம் மூடி போட்டு, படிக்குத் தடுப்புக் கதவு வைத்து, இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். வீடு விற்ற பணமும் இதற்கே சரியாகிவிடும். நிலைமை சீரானதும் டிக்கெட் பற்றி யோசிப்போம்.

அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

அப்பா

அக்டோபர் 1

அப்பாவுக்கு,

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தை அம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். ப்ளக் பாயிண்ட் மூடி என்ற இடத்தில், "அந்த வரியை இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன். "நீங்க ரெண்டு பேரும் தவழ்ந்தப்ப ஓட்டையில பஞ்ச அடைச்சு வெச்சேன். மூடி வாங்கச் சொன்னதுக்கு, வீண் செலவுன்னாரு" என்றாள். பிறகு அந்தப் பழைய உறையை எடுத்து வந்து இந்தக் கடிதத்தின் உறையோடு சேர்த்து வைத்தாள். இரண்டிலும் அதே குண்டு எழுத்து. அம்மா அழவில்லை. சமையலறைக்குப் போய்க் கருப்புக் கல்லைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் தையல் கடைக்குப் போனேன். எர்த் இல்லாதது, ஏழு ஒட்டு, தடித்த கம்பி, கட்டிலுக்கு அடியில் பலகை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தார். குழந்தை காலடியில் துணித்துண்டுகளை இழுத்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

அவர் திட்டியிருந்தால் நின்றிருப்பேன். திட்டாமல் தண்ணீர் கொடுத்தார், அதனால் ஓடி வந்துவிட்டேன்.

அவர்கள் வீட்டை வாங்குகிறார்கள். ஆனால் ஒயரிங்குக்கு ஆகும் செலவை விலையில் கழித்துவிட்டார்கள். சித்தப்பா உங்களிடம் கத்தியிருப்பார். காரணம் நான்தான். அம்மா சொல்லிக் கொடுத்ததாக நினைக்காதீர்கள். போய் வந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். "சாப்பிட வா" என்றாள், அவ்வளவுதான். தட்டில் அவளே பிசைந்து கொடுத்தாள்.

நேற்று பதிவு முடிந்தது. டிரைவர் முதல் வேலையாக சீலிங்கை இடிக்கப் போகிறாராம். டெஸ்டர் மாமாவைத்தான் அழைத்திருக்கிறார். அவர் இன்று காலையிலேயே வந்து தடித்த கம்பியைப் பிடுங்கிவிட்டு மெல்லியதைக் கட்டினார். "இந்தா பாப்பா, ஞாபகத்துக்கு வெச்சுக்க" என்று அந்தக் கம்பியை என்னிடம் கொடுத்தார். கடிதத்தோடு அதை உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் இதற்கு வேலை இருக்காது என்று தெரியும்.

வாண்டு பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "அப்பாகிட்டயா போறோம்?" என்கிறாள். அவளிடமும் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா வீட்டுக்கு என்று சொன்னேன். உங்கள் தலைக்கவசப் படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அங்கே உங்கள் வீட்டில் உள்ள குழந்தையின் பெயரை நான் கேட்கவில்லை. படிக்குத் தடுப்பு வைத்தது நல்லதுதான்.

இனி உங்களுக்கு எழுதுவதற்கு வீட்டு வேலை எதுவும் இல்லை. வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். மதியம் மணி இரண்டு. பலகை வண்டியில் ஏறிவிட்டது. பன்னிரண்டு விளக்குகளையும் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

இப்படிக்கு,
அம்மாவின் மூத்த மகள்

பின்குறிப்பு: மெயின் ஸ்விட்சை நான்தான் இறக்கினேன். விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தாயிற்று.